கறையான் புற்றும் யந்திரக் கூட்டமும்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று பேசும்படி செயலாளர் எம்மைக் கேட்டபோது, விஞ்ஞானத்தில் ஏதேனும் ஒரு விடயம் என்று மட்டுமே சொன்னார். "றொபோக் கூட்டம்" என்று நாம் தலைப்புக் கொடுத்தோம். விளம்பரப் பலகையில் அது "கூட்டத்தில் றொபோ" என்று மாறிவிட்டது. யந்திர மனிதன் ஒருவன் மேடையேறிக் கை குலுக்குவான் என்று நம்பிச் சிறுவர்கள் சிலர் முன்வரிசையைப் பிடித்துவிட்டார்கள். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். நாம் கொண்டுவந்திருப்பவை கட்டைவிரல் அளவான பன்னிரண்டு சிறு பொருள்களே. அவற்றைக் கடைசியிற் காட்டுவோம்.

றொபோ என்றதும் மனித உருவம் மனத்தில் எழுவது எமது குற்றமன்று. செக் நாட்டு நாடகாசிரியர் காரல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகமொன்றே அச்சொல்லை உலகுக்குத் தந்தது. கட்டாய ஊழியம் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அது பிறந்தது. நாடகத்தில் வந்த றொபோக்கள் மனித உருவின. அன்று தொட்டுக் கதைகளிலும் படங்களிலும் அவை இரண்டு காலில் நடந்து, பேசி, சில சமயம் எசமானனையே கொல்லவும் துணிகின்றன. இன்று நாம் சொல்லப்போகும் யந்திரங்கள் பேசா. நடப்பதுகூடச் சரியாக நடவா. தனியே எடுத்துப் பார்த்தால் அவற்றைப்போன்ற மந்தங்கள் வேறில்லை. ஆயிரம் மந்தங்கள் ஒன்றுசேர்ந்தால் ஒரு விவேகம் பிறக்குமா என்பதே கேள்வி.

நாம் படித்தது மிஷன் பாடசாலையில். காலை வழிபாட்டில் அடிக்கடி வாசிக்கப்படும் பகுதிகளில் ஒன்று நீதிமொழிகள் என்னும் நூலில் உள்ளது. சோம்பேறியை எறும்பினிடம் அனுப்பிப் பாடங் கற்கச் சொல்லும் பகுதி. ஆசிரியர் எப்போதும் எறும்பின் சுறுசுறுப்பையே எமக்கு எடுத்துக் காட்டுவார். காலை வழிபாட்டுக்குப் பிந்தி வந்தவர்களைப் பார்த்துக்கொண்டே காட்டுவார் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அதே இடத்தில் மற்றொரு சங்கதியும் உண்டு. ஏவுவாரும் மேற்பார்ப்பாரும் இன்றியே எறும்பு தன் உணவைச் சேர்க்கிறதென்று அந்நூலாசிரியர் கண்டு சொல்லியிருக்கிறார். எத்தனையோ தரம் கேட்டும் அது எமது காதில் ஏறவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய் யந்திரங்களைப் படிக்கத் தொடங்கிய பின்னரே அதன் பெறுமதி விளங்கிற்று.

எறும்புக்கு இராணி உண்டே என்று யாரேனும் கேட்கலாம். உண்டு. ஆயின் அவளது தொழில் முட்டையிடுவது. இன்று எத்தனை பேர் இரை தேடப் போவது, எந்த வழியாற் போவது என்று அவள் கட்டளையிடுவதில்லை. கறையானுக்கும் அப்படியே. எமது ஊர்களில் ஓராள் உயரத்துக்கு எழும்பி நிற்கும் புற்றுக்களை எல்லோரும் கண்டிருக்கிறோம். உள்ளே அறைகளும் வழிகளும் காற்றுப் போகத் துளைகளும் உள்ளன. அதற்கு வரைபடம் கீறிய மேசன் யார்? ஒருவருமில்லை. கட்டிய கறையானுக்கோ கண்ணில்லை.

இதற்கு விடை சொல்ல முயன்றவர் பியர் போல் கிராசே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. 1959 இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது. கறையான் மற்றக் கறையானைப் பார்த்து வேலை செய்வதில்லை. வேலையைப் பார்த்தே வேலை செய்கிறது. ஒன்று ஓரிடத்தில் மண்ணுருண்டையை வைக்கிறது. வழியில் வரும் இன்னொன்று வெறுந்தரையில் வைப்பதிலும், முன்னமே மண் உள்ள இடத்தில் வைக்கவே விரும்புகிறது. குவியல் வளர வளர அங்கே வைக்கும் ஆசையும் வளர்கிறது. இரண்டு தூண்கள் அருகருகே எழுந்துவிட்டால் அவை ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து வளைவாகின்றன. அந்த மண்ணில் மணம் ஏதும் உண்டா, ஈரப்பற்றே காரணமா என்பது பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது. மூல எண்ணம் நிலைத்துவிட்டது. செய்த வேலையே அடுத்த வேலைக்குக் கட்டளை.

எமக்கு நன்கு பழக்கமான தேரோட்டத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். ஆயினும் தேருக்கு முன்னே நின்று கையசைப்பவர் ஒருவர் இருக்கிறார். சில்லுக்குக் கட்டை போடுபவர் இன்னொருவர். அவர்கள் இருவரும் ஒரு நிமிடம் பராக்குப் பார்த்தால் தேர் அயல்வீட்டு மதிலில் நிற்கும். பலர் சேர்ந்து செய்வது வேறு. தலைமையின்றிச் சேர்ந்து செய்வது வேறு. நாம் பேசவந்தது பின்னையதைப் பற்றி.

இந்த எண்ணத்தை யந்திரத்தில் ஏற்றும் முயற்சி புதியதன்று. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் மூளையை ஆராய்ந்த கிறே வோல்ரர் என்பவர் 1948, 1949 ஆம் ஆண்டுகளில் இரண்டு யந்திர ஆமைகளைச் செய்தார். எல்மர், எல்சி என்று பெயரிட்டார். மூன்று சில்லுகள், ஓர் ஒளிக்கண், ஓடு முட்டினால் அறியும் ஒரு தொடுபுலன், பழைய றேடியோவில் இருப்பதுபோன்ற இரண்டு வால்வுகள், மூளை அவ்வளவுதான். வெளிச்சத்தைத் தேடிப் போகும். மிகுந்த வெளிச்சங் கண்டால் விலகும். பற்றரி தளர்ந்தால் விளக்கெரியும் தன் கூட்டுக்குத் திரும்பும். ஒவ்வொன்றின் தலையிலும் சிறு விளக்கொன்று இருந்தது. இரண்டையும் ஓர் அறையில் விட்டபோது ஒன்றின் விளக்கு மற்றதை இழுக்க, அருகே வந்ததும் விலக, மறுபடி இழுக்க, ஒரு நடனமே நடந்தது. நடனம் ஆடும்படி யாரும் அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு வால்வுகளுக்குள் நடனம் எங்கே இருந்தது என்று தேடினால் கிடைக்காது. அது இரண்டு ஆமைகளுக்கும் இடையில் இருந்தது.

பின்னர் 1987 இல் கிறெய்க் றெனோல்ட்ஸ் என்னும் அமெரிக்கர், கணனித் திரையில் பறவைக் கூட்டமொன்றைப் பறக்கவிட்டார். ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதிகள்: அயற்பறவையோடு முட்டாதே, அயலார் போகும் திசையிற் போ, அயலாரை விட்டு அதிகம் விலகாதே. மாலையில் எமது குளக்கரைக்கு வந்திறங்கும் பறவைகளைப் போலவே அவை சுழன்று திரும்பின.

திரையில் ஆயிரம் பறவை விடுவது எளிது. மேசையில் ஆயிரம் யந்திரம் விடுவதே கடினம். அதனைச் செய்தவர்கள் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் மைக்கல் றூபென்ஸ்ரைன், ராதிகா நாக்பால் முதலியோர். 1,024 சிறு யந்திரங்களைக் கொண்டு செய்த பரிசோதனையை 2014 ஓகஸ்டில் வெளியிட்டார்கள். இதனைச் சற்று விரிவாகச் சொல்லுவதற்கு எமக்கு அனுமதி தரவேண்டும். இவ்வுரை முழுவதையும் எழுதத் தூண்டியது இதுவே.

யந்திரத்தின் பெயர் கிலோபொற். விட்டம் 3.3 சென்ரிமீற்றர், சோடாப் போத்தல் மூடியிலும் சற்றே பெரிது. உதிரிப் பாகங்களின் விலை ஏறக்குறைய 14 டொலர். சில்லு இல்லை, மூன்று விறைத்த கம்பிக் கால்களே உண்டு. கைத்தொலைபேசி மேசையில் அதிரும்போது சிறிது சிறிதாக நகர்ந்துபோவதைக் கண்டிருப்பீர்கள். அதே வகை அதிர்வு மோட்டர் இரண்டு இதன் இரு பக்கமும் உள்ளன. ஒன்று சுழன்றால் இந்தப் பக்கம் திரும்பும். மற்றது சுழன்றால் அந்தப் பக்கம். இரண்டும் சுழன்றால் முன்னே போகும். செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் போனால் அது வேகம்.

அயலாரோடு பேசுவதற்குத் தொலைக்காட்சி றிமோற்றில் உள்ளது போன்ற, கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிர் உண்டு. அக்கதிரை யந்திரம் கீழ்நோக்கி வீச, அது மேசையிற் பட்டுத் தெறித்து அயலிலுள்ளவற்றைச் சேரும். சில அங்குலத்துக்கு அப்பால் ஒன்றுந் தெரியாது. வந்த ஒளியின் பலத்தைக் கொண்டு, பேசியவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று மட்டும் அறியும். எந்தத் திசையில் என்பது தெரியாது. இருட்டறையில் கைகட்டி நின்று, பக்கத்தில் யாரோ மூச்சுவிடும் சத்தத்தை மட்டும் கேட்கும் மனிதனின் நிலை அது.

இந்த நிலையில் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றிடம் "நட்சத்திர வடிவில் நில்லுங்கள்" என்று கேட்டார்கள்.

முதலில் நான்கு யந்திரங்களைக் கையால் ஓரிடத்தில் வைத்தார்கள். அவை விதை. அந்நான்கும் வடிவம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும். விதை "பூச்சியம்" என்று சொல்லும். அதைக் கேட்கும் அயல்யந்திரம் தன்னை "ஒன்று" என்று எண்ணிக்கொள்ளும். அதன் அயல் "இரண்டு". இப்படியே விதையிலிருந்து தான் எத்தனை படி தள்ளி நிற்பது என்பது ஒவ்வொன்றுக்கும் தெரியவரும். மிக வெளியே நிற்பவை கூட்டத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வரும். நிலையாய் நிற்கும் மூன்று நான்கு அயலாரிடம் தூரங் கேட்டு, நில அளவையாளரைப்போலத் தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். வடிவத்துக்குள் வந்துவிட்டோம் என்று கண்டால் தொடர்ந்து ஊர்ந்து, வெளியே போகும் நிலை வந்ததும், அல்லது தன்னைப் போன்றே வந்து நின்றதொன்றில் முட்டியதும் நின்றுவிடும். அவ்வளவே சட்டம். நட்சத்திரம் உருவாக ஏறத்தாழ 12 மணித்தியாலம் சென்றது. மனிதர் அதற்கிடையில் கைவைக்கவில்லை.

எம்மை மிகவும் கவர்ந்தது நட்சத்திரமன்று. அதற்கு முன்னான சில்லறை வேலை. ஓர் யந்திரத்தின் சுவிச்சை அழுத்த 5 செக்கன் என்று வைத்தால், 1,024 ஐயும் இயக்கிவிட 85 நிமிடம் வேண்டும். முடிந்ததும் நிறுத்த இன்னொரு 85 நிமிடம். பற்றரிக்கு மின்னேற்ற ஒவ்வொன்றுக்கும் வயர் கொடுப்பதானால் அதற்கென்றே ஆள் வைக்கவேண்டும். ஆகவே மேலிருந்து ஒரே கதிரால் எல்லாவற்றையும் ஒருங்கே எழுப்பவும், புதிய கட்டளைத் தொகுதி கொடுக்கவும், உறங்கவைக்கவும் வழி செய்தார்கள். கடத்தும் தட்டுக்கள் இரண்டுக்கு நடுவே எல்லாவற்றையும் கிடத்தி மொத்தமாக மின்னேற்றினார்கள். திருவிழா அன்னதானத்துக்குச் சமைத்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். பத்துப் பேருக்குச் சமைப்பதை நூறாற் பெருக்கினால் ஆயிரம் பேருக்கான சமையல் ஆகிவிடுவதில்லை.

இன்னொன்று. ஆயிரத்தில் சில நிச்சயமாகப் பழுதுபடும். மோட்டர் தளர்ந்து நடுவழியில் நின்றவை உண்டு. அவற்றின் பின்னே வாகன நெரிசல்போல வரிசை தேங்கியதும் உண்டு. ஆயினும் வேலை நிற்கவில்லை. உருவம் சற்றுக் கோணலாயினும் நட்சத்திரம் நட்சத்திரமே. ஒரு பெரிய யந்திரத்தில் ஓர் ஆணி கழன்றால் முழுவதும் நிற்கும். கூட்டத்தில் பத்து அங்கத்தவர் விழுந்தாலும் கூட்டம் விழாது. சிறு யந்திரக் கூட்டத்துக்காக வாதாடுவோர் எல்லோரும் இதனையே முதலிற் சொல்லுவார்கள். நாமும் சொல்லித் திரிந்தோம். எம்மை நிறுத்தியவர் யார் என்பதைப் பின்னர் சொல்லுகிறோம்.

அதற்கு முன் ஒரு மயக்கத்தைத் தீர்க்கவேண்டும். 2018 இல் தென்கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா ஒளிபரப்பில், இரவு வானத்தில் 1,218 ஆளில்லாச் சிறு விமானங்கள் விளக்கேந்தி உருவங்கள் காட்டின. அழகான காட்சி. ஆனால் ஒவ்வொன்றும் எந்தக் கணத்தில் எங்கே நிற்கவேண்டும் என்பதை ஒரு கணனி முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. அது தேரோட்டம்; புற்று அன்று. அமெசன் கம்பனியின் களஞ்சியங்களில் பண்டங்களைத் தூக்கித் திரியும் யந்திரங்கள் 2025 இல் பத்து இலட்சத்தை எட்டிவிட்டன. அவையும் ஒரு மையத்தின் போக்குவரத்துக் கட்டளைப்படி ஓடுபவையே. எண்ணிக்கை பெரிதென்பதால் மட்டும் கூட்டமாகிவிடாது.

உண்மையான கூட்டங்கள் இன்னும் சிறியவை. ஹங்கேரியில் விச்செக் என்பவரின் குழுவினர் 2018 இல் முப்பது சிறு விமானங்களை வெளியிலே பறக்கவிட்டுக் காட்டினர். நடுவிலே கணனியில்லை, ஒவ்வொன்றும் அயலாரின் நிலையைக் கேட்டுத் தன் வழியைத் தானே தீர்மானித்தது. சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தார் 2022 இல், உள்ளங்கையளவான பத்து விமானங்களை அடர்ந்த மூங்கிற் காட்டினூடாக ஒன்றிலும் முட்டாமற் செலுத்தினர். இடிந்த கட்டடத்துக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஆள் தேட இவை உதவும் என்பது எதிர்பார்ப்பு.

கடலோரத்தில் வாழும் எமக்கு மேலும் சுவையானது, 2021 இல் ஹாவாட் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட யந்திர மீன்கள். ஒரு சாணுக்கும் குறைந்த நீளம்; நான்கு செட்டைகள்; கண்ணாக இரண்டு கமராக்கள்; உடலில் மூன்று நீல விளக்குகள். நீருக்குள் றேடியோ அலை தூரஞ் செல்லாது. ஆகவே அயல்மீனின் நீல விளக்குகளைப் பார்த்தே இவை ஒன்றையொன்று அறிகின்றன. ஏழு மீன்கள் தொட்டிக்குள் சேர்ந்தும் பிரிந்தும் வட்டமிட்டும் நீந்தின. மூழ்கிய பொருளாகச் சிவப்பு விளக்கொன்றை வைத்தபோது, பரந்து தேடின. ஒன்று கண்டதும் தன் விளக்கை மினுக்கிற்று. மற்றவை அங்கே வந்து கூடின. முருகைக் கற்பாறைகளைக் கவனித்து வருவதற்கு இவை பயன்படலாம் என்கிறார்கள். தொட்டி வேறு, பாக்கு நீரிணை வேறு. ஆடி மாதத்து நீரோட்டத்தில் ஒரு சாண் மீன் என்ன செய்யும் என்று எமக்குச் சந்தேகமே.

இனிப் பெரியப்பாவின் கதைக்கு வருவோம்.

முகமாலைப் பக்கத்தில் எமது குடும்பத்துக்குச் சிறிய தென்னங்காணி ஒன்று உண்டு. முகமாலை எத்தகைய இடமாக இருந்ததென்று இந்தச் சபைக்கு விளக்கவேண்டியதில்லை. 2009 இல் யுத்தம் முடிந்தும் பல வருடங்கள் அந்தப் பகுதிக்குள் யாரும் கால்வைக்க இயலவில்லை. உலோகங் காணுங் கருவியோடும் வாரியோடும் முழந்தாளிட்டிருந்து, அடியடியாக மண்ணைச் சுரண்டி மிதிவெடி எடுத்தவர்களைத் தெருவோரத்தில் நின்று நாம் பார்த்திருக்கிறோம். அவர்களிற் பலர் பெண்கள். யுத்தத்தில் துணையை இழந்து பிள்ளைகளை வளர்ப்பவர்களும் அவர்களுள் இருந்தார்கள். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். அதற்கு முன்னரே அந்தக் கைகள் வேலையைத் தொடங்கிவிட்டன.

பல்கலைக்கழக முதலாம் வருட விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, எமது புதிய ஞானத்தைப் பெரியப்பாவிடம் கொட்டினோம். சிறு யந்திரங்கள் நூற்றை ஒரு காணிக்குள் விடுவது. அவை எறும்புபோற் பரந்து தேடுவது. சில வெடித்துச் சிதறினாலும் பரவாயில்லை, மலிவானவை, மனிதர் காயப்படமாட்டார். நூல்களில் இந்த உதாரணம் அடிக்கடி வரும். நாமும் உற்சாகமாகச் சொன்னோம். பெரியப்பா கடைசி வரை கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"தம்பி, உன்ர மெசின் நூறிலை தொண்ணூற்றொன்பது வெடியை எடுத்துப்போட்டு வந்தால், மிச்சம் ஒண்டு கிடக்கிற காணிக்குள்ளை தேங்காய் பொறுக்க ஆர் போறது?"

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு தரம் தேடி நூற்றுக்குத் தொண்ணூறு கண்டுபிடிக்குமென்றால், இரண்டாந் தரம் தேட எஞ்சியது ஒன்று. மூன்றாந் தரத்தில் பத்துக் காணிக்கு ஒன்று. ஆகவே மேலும் மேலும் யந்திரத்தை விட்டால் தீருமே என்று காகிதத்தில் நிறுவினோம். காகிதம் எதையும் தாங்கும். அந்தக் கணக்கு உண்மையாவதற்கு, முதல் யந்திரம் தவறவிட்டதை இரண்டாவது யந்திரம் காண வாய்ப்பிருக்கவேண்டும். கூட்டத்தில் உள்ளவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்ரிக் வெடியொன்று ஒரு யந்திரத்தின் கருவிக்கு எட்டாத ஆழத்திற் கிடந்தால், நூறு யந்திரத்துக்கும் எட்டாது. நூறு பேருக்கும் ஒரே குருடு என்றால் நூறு பேர் தேடியும் பயனில்லை.

அன்று நாம் கற்றது இது. தனி அங்கத்தவரின் பழுதைக் கூட்டம் மன்னிக்கும். எல்லோருக்கும் பொதுவான பழுதைக் கூட்டம் மறைக்கும். கிலோபொற்றின் மோட்டர் ஒன்று தளர்ந்தால் மற்றவை சமாளிக்கும். கட்டளைத் தொகுதியில் ஒரு வரி பிழைத்தால் 1,024 உம் ஒருங்கே பிழை செய்யும்.

எறும்புக்கும் இது விதிவிலக்கன்று. வில்லியம் பீபி என்னும் இயற்கை ஆய்வாளர் கயானாக் காட்டிற் கண்ட படையெறும்புகளைப் பற்றி 1921 இல் எழுதினார். முன்னே போனவை எப்படியோ தம் கூட்டத்தின் பின்முனையைத் தொட்டுவிட, ஊர்வலம் வட்டமாகிவிட்டது. 1,200 அடிச் சுற்று. ஓர் எறும்பு ஒருமுறை சுற்றிவர இரண்டரை மணித்தியாலம். முன்னவன் விட்ட மணத்தைப் பின்னவன் தொடர்வதே அவற்றின் சட்டம். ஒவ்வொன்றும் சட்டத்தைச் சரியாகவே கடைப்பிடித்தது. சுற்றிச் சுற்றிக் களைத்துப் பெரும்பாலானவை மடிந்தன.

ஆகையால், கூட்ட யந்திரங்களால் பிரயோசனம் இல்லையென்பது எமது அபிப்பிராயமன்று. சிறிது தவறினாலும் பெருந்தீங்கு விளையாத இடமே அவற்றின் இடம். நூறு பரப்பு வயலில் எங்கே களை, எங்கே நோய் என்று பார்த்துவர நூறு சிறு யந்திரம் போகலாம். ஒன்றிரண்டு செடி தவறினால் நாளைக்குப் பார்க்கலாம். பாரமான உழவு யந்திரம்போல நிலத்தை இறுக்கவும் மாட்டா. மிதிவெடி விடயத்திலும் எங்கே தேடவேண்டும், எங்கே வேண்டியதில்லை என்ற முதற் பார்வைக்கு அவை கைகொடுக்கலாம். கடைசி வார்த்தை முழந்தாளிட்டிருக்கும் மனிதருடையதாகவே இருக்கவேண்டும். பெரியப்பாவுக்கு இவ்வளவு இறங்கிவந்தோம். அவர் இன்னும் இறங்கவில்லை.

இப்போது மனத்திற் பாரமான ஒரு சங்கதி. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2016 ஒக்ரோபரில் கலிபோர்னியாவில் ஒரு பரிசோதனை நடத்திற்று. மூன்று போர் விமானங்களிலிருந்து பேர்டிக்ஸ் என்னும் 103 சிறு விமானங்களை வானில் உதிர்த்தார்கள். அவை தாமே கூடி, தாமே வரிசை மாற்றி, தமக்குள் தீர்மானித்துப் பறந்தன. நோட்டம் பார்ப்பதற்கே என்றார்கள். வன்னியில் இருந்தவர்களுக்கு "வண்டு" என்றால் என்னவென்று தெரியும். நோட்டம் பார்த்துப் போனதன் பின் என்ன வந்ததென்றும் தெரியும். அந்த வண்டை எங்கோ ஓரிடத்தில் ஒரு மனிதன் பார்த்துக்கொண்டிருந்தான். நூறு வண்டு தமக்குள் பேசித் தீர்மானித்தால், பிழை நேர்ந்த அன்று எவரைக் கேட்பது? சட்டம் எழுதியவர், நான் மூன்று விதிதான் எழுதினேன் என்பார். உதிர்த்துவிட்டவர், நான் திசை சொல்லவில்லை என்பார். யந்திரமோ அயலைப் பார்த்துச் செய்தது.

இதைப்பற்றி ஜெனீவாவில் 2014 முதல் நாடுகள் கூடிப் பேசிவருகின்றன. 2023 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கவலை தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. ஒன்பது ஆண்டுப் பேச்சின் பின் கிடைத்தது தீர்மானமே, உடன்படிக்கையன்று. இந்தத் துறையைக் கற்கும் எம்போன்றோர் நாளைக்கு உத்தியோகம் தேடும்போது, எந்தக் கம்பனி எதற்காகச் செய்விக்கிறது என்று கேட்காமற் கையொப்பம் வைக்கலாகாது என்பது எமது எண்ணம். வகுப்பில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், முதலில் உத்தியோகம் கிடைக்கட்டும் என்றார். அவர் சொன்னதும் பொய்யன்று.

முன்வரிசைச் சிறுவர்களின் பொறுமையை இனியும் சோதிக்கலாகாது. மேசையில் இருக்கும் பன்னிரண்டும் நாமும் இரு நண்பர்களும் செய்தவை. பல் தீட்டும் பிறஷின் தலையை வெட்டி, அதன் முதுகில் பழைய கைத்தொலைபேசி மோட்டரும் பொத்தான் பற்றரியும் ஒட்டியிருக்கிறோம். இவற்றுக்குக் கண்ணில்லை, காதில்லை, கணனியில்லை. மகாதேவன் என்னும் பேராசிரியரும் அவரது குழுவினரும் ஹாவாட்டில் இவ்வகை யந்திரங்களையே வட்டத் தட்டில் விட்டு ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டிருக்கிறார்கள். எமது ஆராய்ச்சிக்கு மன்றத்தின் பித்தளைத் தாம்பாளம் போதும்; பூசகர் ஐயாவிடம் கேட்டே எடுத்தோம்.

முதலில் இரண்டை விடுவோம். மனம்போன போக்கில் அலையும். பிறகு ஐந்து. பிறகு பன்னிரண்டும். அப்போது விளிம்போரமாக ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றத் தொடங்கும், அல்லது ஓரிடத்தில் நெருங்கி முட்டிக்கொண்டு நின்றுவிடும். இரண்டில் எது நடக்குமென்று எம்மாற் சொல்ல முடியாது. நேற்று வீட்டில் ஐந்து முறை விட்டோம். மூன்று முறை சுற்றின, இரண்டு முறை நின்றன. சிறுவர்கள் வரிசையாக வந்து பார்க்கலாம். கையாற் தூக்குவதானால் பக்கத்திற் பிடித்துத் தூக்குங்கள்; மயிர் வளைந்தால் பின்பு நேரே போகாது. மூன்றாம் இலக்கமிட்டதன் பற்றரி தளர்ந்துவிட்டது. அதனை மற்றவை தள்ளிக்கொண்டு போகின்றனவா என்று பாருங்கள்.